சுவரில் மாட்டாத படம்

ஜேர்மனியில் ஒரு ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த தமிழ் அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கம்பளித் தொப்பி, வெடித்த விரல்கள். ரயில் குலுங்கும்போதெல்லாம் முஷ்டியால் இடுப்பை அழுத்திக்கொள்வார். மடியில் சட்டமிட்ட ஒரு படம், ஏதோ பழைய ஓவியத்தின் அச்சு. பொன்னிற மாலை வெயிலில் பெண்கள் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"வடிவான படம், அக்கா. ஆர் தந்தது?"

"முதலாளி. அவரின்ரை ஸ்ட்ரோபெரித் தோட்டத்திலை இவ்வளவு காலமும் குனிஞ்சு பழம் ஆய்ஞ்சனான். இப்ப இடுப்பு ஏலாமப் போச்சு, இனி வரவேண்டாமாம். தோட்ட ஞாபகமா வீட்டிலை மாட்டச் சொல்லி இதைத் தந்துவிட்டவர்." படத்தை என் பக்கம் திருப்பினார். "இதிலை ஒருத்தியெண்டாலும் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாளோ, பாருங்கோ தம்பி!"

குனிந்து படத்தில் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன்.

ஹம் நகர நிலையத்தில் அவர் இறங்கியபோது படம் இருக்கையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா, படத்தை விட்டிட்டுப் போறியள்!"

"ஓம், விட்டிட்டுத்தான் போறன். உந்தப் படத்தை என்ரை சுவரிலை மாட்ட ஏலாது."

கதவு மூடியது. திரும்பிப் பாராமல் மெல்ல நடந்து போனார். அந்த முதலாளியின் விலாசத்தைக் கேட்காமல் விட்டேனே என்று இன்றும் பொருமுகிறேன். தெரிந்திருந்தால் படத்தை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்.