நோர்வேயில் ஒரு லீற்றர் என்ன விலை

தர்மபுரம் சந்தியில் நின்று நல்லதம்பியண்ணையின் கார் எங்கே என்று கேட்டால் ஒருவரும் கையைக் காட்ட மாட்டார்கள். மணத்தைப் பிடித்துக்கொண்டு போங்கோ என்பார்கள். கறுத்த ஏ-40 கார், என்னைவிட இரண்டு வயது மூத்தது, மண்ணெண்ணெயில் ஓடியது. அதில் ஏறிக் கலியாண வீட்டுக்குப் போனவர்கள் பட்டுச்சேலையோடு விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி மணந்தார்கள். நானும் மணந்திருக்கிறேன்.

சண்டைக் காலம், பெற்றோல் வன்னிக்குள் வருவதற்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. தடையைத் தாண்டி வந்தது போத்தலில் வந்தது. லீற்றர் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்றது. வவுனியாவுக்கு அங்காலே அதே லீற்றர் ஐம்பது ரூபாய். ஆகவே எங்கள் பகுதியில் பெற்றோல் என்பது ஊற்றுகிற பொருள் அல்ல, மருந்து. கண்மருந்துப் போத்தலில்தான் வைத்திருந்தார்கள். காலையில் காரின் மூடியைத் திறந்து காபரேட்டருக்குள் ஐந்து துளி விட்டு, முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினால் இயந்திரம் இருமிக்கொண்டு எழும்பும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். மாரி காலத்தில் ஏழு துளி. நல்லதம்பியண்ணை கம்பியைச் சுற்றுவார். துளி விடுவது அவருடைய ஒரே மகள் அருந்ததி. பதினாறு வயதில் தொடங்கியவள், இருபத்திநாலு வயதிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். ஒரு துளி கூடினால், "கையிலை என்ன நடுக்கமோ?" என்று தகப்பன் கத்துவது வேலி தாண்டி என் வீட்டுக்குக் கேட்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பித்தேன். அதனால் வரி, வட்டி, வெளிநாட்டுக் காசு எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு தலையிடி வந்திராது.

1998 பங்குனியில் அருந்ததிக்கு நோர்வேயில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் பெயர் குகநேசன், உடையார்கட்டு ஆள். நோர்வேயில் கடலோர ஊர் ஒன்றில் மீன் பக்டரியில் வேலை. சாதகம் பொருந்தியது, சீதனம் கேட்கவில்லை, படத்தில் ஆளும் பரவாயில்லை. நல்லதம்பியண்ணையின் மனைவி கமலாசனி அக்கா அந்தக் கிழமை முழுக்கச் சிரித்த முகமாகவே திரிந்தா. பிறகு மாப்பிள்ளையே ஒரு கடிதம் எழுதினார். ஒளிப்பு மறைப்பு இல்லாமல் தன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தொடங்கியவர், எழுதத் தேவையில்லாத ஒன்றை எழுதிவிட்டார்.

"ஐயா, என்னிடம் கார் இல்லை. ஒன்று இருந்தது, விற்றுவிட்டேன். இங்கே பெற்றோல் லீற்றர் ஒன்பது குரோனர். அதில் நாலில் மூன்று பங்கு வரி. கார் வாங்கும்போதும் வரி, வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் வரி. எனக்குக் கட்டாது. பஸ்ஸிலும் சைக்கிளிலும்தான் வேலைக்குப் போகிறேன்."

நல்லதம்பியண்ணை கடிதத்தோடு நேரே என்னிடம் வந்தார்.

"மாஸ்ரர், ஒன்பது குரோனர் எண்டா எங்கடை காசிலை எவ்வளவு?"

மூன்று கிழமைப் பழைய பேப்பர் ஒன்றில் நாணய மாற்றைத் தேடிப் பிடித்துப் பெருக்கிச் சொன்னேன். "எழுபத்தாறு ரூபா அம்பது சதம்."

"எழுநூற்று அறுபதோ?"

"இல்லை. எழுபத்தாறு."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "நான் ஐந்நூறுக்கு வாங்கிக் கார் ஓடுறன். அவர் எழுபத்தாறுக்கு வாங்கேலாமல் காரை வித்தவராம். மாஸ்ரர், ஒண்டில் இந்தப் பெடியனுக்கு வேலையில்லை, இல்லாட்டிக் குடிக்கிறான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாத்தியாரால் அது முடியாது. விலையை விலையோடு ஒப்பிடக்கூடாது, உழைப்போடு ஒப்பிட வேண்டும் என்று தொடங்கினேன். எங்களூரில் ஒரு நாட் கூலி நூற்றைம்பது ரூபாய். ஒரு லீற்றர் வாங்க மூன்று நாளுக்கு மேல் முறிய வேண்டும். மீன் பக்டரியில் மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு குரோனராவது கொடுப்பார்கள். ஆகவே அங்கே ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் பத்து லீற்றர். இதைக் கேட்டு அவர் தெளிவடைவார் என்று நினைத்தேன்.

"மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றர்!" அவருக்குக் குரல் கிறீச்சிட்டது. "பிறகேன் கார் இல்லை?"

 நான் கதையை மாற்றினேன். நோர்வே கடலுக்குள் இருந்து எண்ணெய் எடுக்கிற நாடு என்றேன்.

"சொந்த எண்ணெய்க்கோ வரி?"

"ஓம்."

"ஆரிட்டை வாங்குறவை?"

"தங்கடை சனத்திட்டைத்தான்."

"அப்ப சனத்துக்குத் தடையோ?"

"தடையில்லை அண்ணை. எவ்வளவும் வாங்கலாம்."

"எவ்வளவும் வாங்கலாமெண்டா அவர் ஏன் வாங்கேல்லை?"

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றோம். எங்களுக்கு விலை ஏறுவது ஏன் என்று தெரியும். அங்காலே அரசாங்கத்தின் தடை, இங்காலே இயக்கத்தின் வரி, நடுவிலே கொண்டுவருகிறவனின் உயிர். நிறைய எண்ணெயும் நிறையக் காசும் உள்ள ஒரு நாடு, வேண்டுமென்றே தன் சனத்துக்கு விலையை ஏற்றி வைக்கும் என்பது எங்கள் இருவரின் மண்டைக்குள்ளும் போகவில்லை. நான் விளங்கினதுபோல் தலையாட்டினேன்.

விசயம் ஊருக்குள் பரவியது. அன்னபாக்கியம் அக்கா ரொறன்ரோவில் இருக்கிற மகனின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினா. அங்கே லீற்றர் ஐம்பத்தைந்து சதமாம். கணக்குப் பார்த்தால் எங்கள் காசில் இருபத்திநாலு ரூபாய். மகனிடம் ஒரு கார், மருமகளிடம் ஒரு கார். பொன்னையா தன் தம்பி லண்டனில் எழுபது ரூபாய்க்கு அடிக்கிறான், அதைப் புறுபுறுத்துக்கொண்டே அடிக்கிறான் என்றார். மூன்று நாட்டிலும் ஒரே எண்ணெய், மூன்று விலை. நான் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அழிக்கும்போது முதலில் தெரிந்ததும் தெரியாமல் போயிருந்தது. ஊர் மட்டும் தெளிவாக இருந்தது. பெண்ணைக் கொடுப்பதென்றால் கனடாவுக்குக் கொடுக்க வேண்டும்.

கனடாவில் இருந்து ஒருவரும் அருந்ததியைக் கேட்கவில்லை என்பதை ஊர் யோசிக்கவில்லை. கமலாசனி அக்கா யோசித்தா.

"இஞ்சாருங்கோ, உங்கடை விலை விசாரணை முடியிறதுக்குள்ளை பிள்ளை துளி விட்டு விட்டே நரைக்கப் போகுது" என்று புருசனிடம் வெடித்தா. "ஷெல் எந்த நேரம் எங்கை விழுமெண்டு தெரியாது. உங்களுக்கு லீற்றர் கணக்கு."

நல்லதம்பியண்ணை கெட்ட மனிதர் அல்ல. இருக்கிறது ஒரே பிள்ளை. போனால் அவர் போய்ப் பார்க்க முடியாத தூரம். அங்கே அவள் ஒரு வேலை வெட்டி இல்லாதவனிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவருக்கு நித்திரை இல்லை. ஒரு மனிதனை எடைபோட அவருக்குத் தெரிந்த ஒரே படிக்கல் எண்ணெய்தான்.

கடைசியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அங்கே மண்ணெண்ணெய் என்ன விலை? பெற்றோல் விலையென்றால் ஐந்து துளியில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினால் என்ன? அந்த வரியெல்லாம் எங்கே போகிறது? இவற்றுக்குச் சரியான பதில் வராவிட்டால், கார் ஓடவும் வழியில்லாத ஆளுக்குப் பிள்ளையைத் தர எங்களுக்கு யோசனையாக இருக்கிறது. இந்தக் கடைசி வசனத்தை எழுதும்போது என் பேனை நின்றது. நின்றதே தவிர, வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கடிதத்தைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோக அருந்ததி வந்தாள்.

"சேர், உறையை ஒட்டாமல் தாங்கோ."

"கொப்பர் ஏசுவார் பிள்ளை."

"ஒரு ஆள் தன்னட்டை இல்லாததை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார், சேர். வெளிநாட்டிலை இருந்து பொம்பிளை கேட்டு வந்த எத்தினை கடிதம் நீங்கள் வாசிச்சிருப்பியள். ஆராவது அப்பிடி எழுதினவையோ?"

ஒருவரும் எழுதியதில்லை. எல்லாக் கடிதத்திலும் ஒரு கார் இருக்கும்; படத்தில் மாப்பிள்ளை அதில் சாய்ந்துகொண்டு நிற்பார். அவள் என் பேனையை வாங்கி, தகப்பனின் கடைசி வசனத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினாள். "எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். அருந்ததி." பிறகு தானே உறையை நக்கி ஒட்டினாள்.

நாலரை மாதம் பதில் இல்லை. அதற்குள் கிளிநொச்சியில் பெரிய சண்டை நடந்து முடிந்தது. நல்லதம்பியண்ணை காயக்காரரை ஏற்றி ஏற்றி இருக்கைச் சீலையை இரண்டு தரம் மாற்றினார். அருந்ததி தினமும் துளி விட்டாள். தபால்காரர் தெருவால் போனால் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படலைக்குப் போவாள். வெறுங்கையோடு திரும்பி வருவதை வேலியால் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கடைசி வசனத்தை எழுதிய கை என்னுடையது.

பதில் ஐப்பசியில் வந்தது. நல்லதம்பியண்ணை என்னையே வாசிக்கச் சொன்னார். மண்ணெண்ணெயில் கார் ஓடுவது அங்கே குற்றமாம். அதில் றோட்டு வரி சேரவில்லை என்பதால், பிடிபட்டால் தண்டமாம்.

"மண்ணெண்ணெயிலை ஓடினாக் குற்றமோ?" நல்லதம்பியண்ணை தன் காரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் அங்கை பெரிய கள்ளன்."

வரி ஆஸ்பத்திரிக்கும் றோட்டுக்கும் பஸ்ஸுக்கும் போவதாகச் சொல்கிறார்கள், எனக்கும் முழுக்க விளங்கவில்லை ஐயா, என்று எழுதியிருந்தார் குகநேசன். அதைக் கேட்டதும் நல்லதம்பியண்ணையின் முகம் கொஞ்சம் இளகியது. விளங்காத ஆள் இன்னொருவரும் இருக்கிறார் என்ற ஆறுதல் போலும். கடைசியில் ஒரு வரி: "இங்கே ஏற்றம் கூட. அருந்ததிக்குக் கியர் வைத்த சைக்கிள் ஒன்று பார்த்து வைக்கிறேன்."

"சைக்கிள் கதை எப்பிடி அங்கை போனது?"

அருந்ததி குசினிக்குள் போய்விட்டாள். நான் வேலியைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், அங்கை சைக்கிளுக்கும் வரி இருக்கோ?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. "இல்லை" என்றேன், நாற்பது வருசம் நோர்வேயில் குடியிருந்தவன் மாதிரி.

"வரியில்லையோ?"

"ஒரு சதமும் இல்லை."

கடிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப சரி" என்றார். குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்து உடைந்தது. கமலாசனி அக்கா அன்றைக்கு அதற்கு ஏசவேயில்லை.

வன்னியை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸும் ஆமியின் பாஸும் எடுத்து முடிய ஏழு மாதத்துக்கு மேல் சென்றது. 1999 ஆனியில், காலையில், வெளியே போகிற பஸ் நிற்கும் மல்லாவி வரைக்கும் தகப்பனே கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். இறங்கும்போது அவள் அழுதாள், அவர் அழவில்லை. அழுகை வரப்போகிறது என்று தெரிந்ததும் அதிகாரமாகக் கதைக்கத் தொடங்கினார்.

"போய்ச் சேர்ந்தவுடனை அங்கை ஒரு லீற்றர் என்ன விலையெண்டு நீ உன்ரை கண்ணாலை பாத்து எழுது. அவர் எழுதினது சரியோ எண்டு நான் பாக்கோணும்."

"ஓமப்பா."

அதற்குப் பிறகு துளி விட்டது கமலாசனி அக்கா. ஒன்பது துளிக்குக் குறைத்து விட அவவுக்குத் தெரியாது. நல்லதம்பியண்ணை ஒருநாளும் கத்தவில்லை.

அருந்ததியின் கடிதங்கள் வந்தன. பனி, குளிர், மொழி படிக்கிற வகுப்பு, மீன், கியர் வைத்த சைக்கிள். விலை மட்டும் இல்லை. ஒவ்வொரு பதிலிலும் அவர் அதைக் கேட்கச் சொல்வார், நான் கேட்டு எழுதுவேன். எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் காசில்லையோ, மருமகன் சொல்ல விடுகிறார் இல்லையோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பயத்தோடு வந்து என் வாசலில் நிற்பார். எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

2001 தை மாதக் கடைசியில் வந்த கடிதத்தில் பதில் இருந்தது. நான் உரத்து வாசித்தேன்.

"அப்பா, நாலு தரம் கேட்டுவிட்டீர்கள். கோபிக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் எனக்கு விலை தெரியாது. இங்கே வந்து ஒன்றரை வருசத்தில் நான் ஒரு துளி பெற்றோலும் வாங்கவில்லை. கையில் மணம் இல்லை. விலை எழுதிய பலகைக்குக் கீழால்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன், நிமிர்ந்து பார்க்க நினைவு வருவதில்லை. நாளைக்குக் கட்டாயம் பார்த்து எழுதுகிறேன்."

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நினைவு வாறதில்லையாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சந்தோசப்படுகிறாரா, மகள் அந்நியமாகிவிட்டாள் என்று துக்கப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திராது. கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. நான் பதில் எழுதக் கடதாசியை எடுத்தேன்.

"பாக்க வேண்டாமெண்டு எழுதுங்கோ மாஸ்ரர்" என்றார். "அவளுக்கு அது தெரியாமலே கிடக்கட்டும்."