இடிமுகனின் வலது கை

எழுத்தாளர் எங்கோ சென்னையில் உட்கார்ந்து எழுதுவார், அதற்கான திட்டு மட்டும் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவர்கள் வாசலுக்கு வந்து சேரும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் வைத்திருந்தேன். எட்டாவது வரை படித்தவள். குடும்ப நாவல்தான் ஓடும் என்று நினைத்தேன். ஓடியதோ இடிமுகன் சித்திரக்கதை. தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிற, மீசை நரைத்த ஆட்களே அதற்குக் காத்திருப்பார்கள். இடிமுகன் ஒரு குத்து விட்டால் மலை பிளக்கும். அப்படி இருக்கும்போது பழைய எழுத்தாளர் போய், வைகறைநேசன் என்று ஒருவர் வந்தார். வந்த இரண்டாம் மாதமே இடிமுகனின் வலது கையை விளங்காமல் செய்துவிட்டார். சண்டை வரவேண்டிய பக்கங்களில் அவன் நின்று பேசிக்கொண்டே இருந்தான்.

தோல் அட்டை, காகித அட்டை

நாலு பேர் கை மாறினால் சித்திரக்கதை நார்நாராகிவிடும். அதனால் ஆறு இதழ்களைச் சேர்த்து முனுசாமியிடம் கொடுப்பேன். அவர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். கழித்துப் போட்ட துண்டுத் தோலில் அட்டை போட்டு, ஷூ தைக்கிற நூலாலேயே தைத்துத் தருவார். அந்த முறை இரண்டு கட்டு கொண்டுவந்தார். பழைய எழுத்தாளருடையது சிவப்புத் தோலில், எங்கள் சர்ச்சில் வைக்கிற வேதப்புத்தகம் போல இருந்தது. வைகறைநேசன் எழுதியது காக்கி நிறக் காகிதத்தில், பசை காயாமல் இருந்தது.

தோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "தோல் இருக்குதும்மா. துண்டுன்னாலும் அது ஒரு ஆட்டுக்கு முதுகா இருந்தது. இந்தாளு கதைக்குப் போத்த மனசு வரல" என்றார்.

ஒட்டிய சீட்டு

ஓர் இதழில் இடிமுகன் மலை உச்சியில் நின்று, தொங்குகிற கையைப் பார்த்துவிட்டு, "மேலே யாருமே இல்லையா?" என்று வானத்தைக் கேட்டான். தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள் கையால் இதை எப்படி எடுத்துக் கொடுப்பது? கை போன மனுஷன் வேறெப்படிக் கேட்பான் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. கடைசியில் மைதா காய்ச்சி, வெள்ளைச் சீட்டு வெட்டி, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று என் கையெழுத்தில் எழுதி, அந்த வசனத்தின் மேல் ஒட்டினேன். மூன்று பிரதியில் ஒட்டினேன். நான்காவது வெளியே போயிருந்ததால் தப்பிவிட்டது.

ஒரே வாரத்தில் மூன்று சீட்டுகளின் ஓரமும் விரல் பட்டுக் கறுத்துப்போனது. ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அமுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் தன் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த மேல்விஷாரத்துக் கிளார்க் ஒருவரிடம், திரும்பி வந்திருந்த நான்காவது பிரதியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "ஒட்டினது வர்ற வரைக்கும் உக்காந்துக்கிறேன்க்கா. இது வேணாம், இதுல ஒண்ணும் இருக்காது" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சண்டை

எங்கள் தெரு ஏழுமலை தோல் கம்பெனியில் வேலை செய்தவர். மெஷினில் வலது கை சிக்கி, வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையைக் காப்பாற்றிவிட்டார்கள், விரல்தான் மடங்கவில்லை. யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார் என்று அவர் மனைவி செல்வி அழுதாள். பொழுது போகட்டும் என்று இடிமுகன் இதழ்களைக் கொடுத்தனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், ஐயோ, இதிலும் கை போனவன் கதையல்லவா என்று உறைத்தது.

அடுத்த வாரம் செல்வி மீதி இதழ்களைக் கேட்டு வந்தாள். பேசுகிறாரா என்று பயந்துகொண்டே கேட்டேன். "பேசறாருக்கா. என்கிட்ட இல்ல, அந்த இடிமுகன்கிட்ட. 'இடது கை இருக்குதில்ல, தூக்குடா சோம்பேறி'ன்னு திட்டிக்கினே இடது கையால இட்லி சாப்புடறாரு" என்றாள்.

பாய் எழுதிய மனு

இதற்குள் பஷீர் பாய் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு மனு எழுதிவிட்டார். தோல் கம்பெனி மேஸ்திரி அவர், இடிமுகனை முதல் இதழிலிருந்து படிக்கிறவர். கோரிக்கை இரண்டு. எழுத்தாளரை மாற்ற வேண்டும், அடுத்த இதழிலேயே வலது கை சரியாக வேண்டும். முனுசாமி முதல் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. உச்சியில் எனக்கென்று இடம் விட்டிருந்தார்கள். போட்டால் ஏழுமலைக்குத் துரோகம். போடாவிட்டால் இத்தனை பேருக்கும் மனவருத்தம். எனக்குமே அந்த எழுத்தாளரைப் பிடிக்காது. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "தாராளமா ஜெபிங்கக்கா, சனிக்கிழமைக்குள்ள ஜெபிச்சிடுங்க" என்றார் பாய்.

சனிக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது, வீடு திரும்பியிருந்த ஏழுமலை கையில் கட்டோடு வந்தார். மேஜையில் கிடந்த மனுவை எடுத்துப் படித்தார். நான் ஜெபத்தையே மறந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கி, இரண்டு கோரிக்கைகளையும் அடித்தார். கீழே, எறும்பு ஊர்வதைப் போல நேரமெடுத்து, "பேச்சு கம்மி பண்ணவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எழுத்து கோணல்தான், படிக்க முடிந்தது.

"இன்னாப்பா இது, அவன் கை சரியாவ வேணாமா?" என்றார் பாய், பாதிக் கோபத்தில்.

"ஆவட்டும் பாய், மெதுவா ஆவட்டும். ஒத்தக் கைய வச்சிக்கினு இன்னா பண்றான்னு நான் பாக்கணும்" என்றார் ஏழுமலை.

பாய் அந்தக் கோணல் எழுத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் உச்சியில் கையெழுத்துப் போட்டேன்.

வைகறைநேசன் கடைசி வரைக்கும் பேச்சைக் குறைக்கவில்லை, நானும் அவரைக் குறைசொல்வதையோ அவருக்காக ஜெபிப்பதையோ குறைக்கவில்லை.