உட்காரப் பழகியது

நேர்முகத் தேர்வுக்கு என் அண்ணன் என்னை அடித்துத்தான் தயார்படுத்தினான். பேச்சுக்குச் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்தோம். மிலாறு என்போம். அதில் ஒன்றை உருவியெடுத்து வந்து என் முழங்காலுக்குப் பின்னால் விளாசினான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. உயர்தரம் முடித்துவிட்டு அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், சும்மா கிடந்தேன். தோட்ட ஆபீசில் ஒரு கிளாக்கர் வேலை காலியானது. அது கிடைக்காவிட்டால் நான் தொழிலாளியாகப் பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போகவேண்டும், மாட்டேன் என்றால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையை, எங்கள் காம்பராவை, காலி பண்ணவேண்டும் என்று கங்காணி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் மூட்டை தூக்குபவன். லீவு போட்டு வந்து, என்னோடு உட்கார்ந்து சுயவிபரக் கோவையை எழுதவைத்தான். சிபாரிசுக்கு உறவினர் அல்லாத இருவர் பெயர் வேண்டுமாம். எங்கள் லயத்தில் மாமன் மச்சான் இல்லாதவன் யார்? மண்டையை உடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து வாத்தியாரையும் கோயில் ஐயரையும் போட்டோம். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று அழுத்தி எழுதச் சொன்னான். எழுதினேன். அதுவரைக்கும் சண்டையில்லை.

அப்புறம் ஒத்திகை. அண்ணன் கதிரையில் உட்கார்ந்து தோட்டத்து மேனேஜர் துரையாகிவிட்டான். என்னை எதிரே வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னான். அவன் தொண்டையைச் செருமி இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்டாலே போதும், என் உடம்பு தானாக எழும்பிக் கையைக் கட்டிக்கொள்ளும். துரையின் வாகனம் வந்தால் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கி நிற்கிற சனம் நாங்கள். துரை பேசும்போது எங்களில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எழும்பினேன். அடி விழுந்தது. மறுபடி எழும்பினேன். மறுபடியும் அடி.

"எந்திரிக்காதடா! நானும் கொழும்புல இப்பிடித்தான் நின்னேன். உக்காரு உக்காருன்னு சொல்றாங்க, நான் கையக் கட்டிக்கிட்டே நிக்கிறேன். இவன் மூட்டை தூக்கத்தான் லாயக்குன்னு சிரிச்சானுங்க. இன்னும் தூக்கிக்கிட்டுத்தான்டா இருக்கேன்!"

மலையிலிருந்து வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டார்.

"தொர முன்னுக்கு உக்காரவா சொல்லிக் குடுக்குற? இருக்கிற காம்பராவும் போகட்டும்னா?"

கேட்ட கையோடு அண்ணனின் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் தள்ளிவிட்டான். அப்பாவின் நெற்றி கதவு நிலையில் மோதிப் பிளந்து, இரத்தம் வாய்வரை வழிந்தது. அம்மா அலறிக்கொண்டு வந்து கோப்பித் தூளை அள்ளி அப்பினாள். அண்ணன் அப்பா பக்கம் திரும்பாமலே என்னைப் பார்த்து, "உக்காரு" என்றான். அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் எழும்பவில்லை.

தேர்வு நாளன்று அண்ணனும் ஆபீஸ் வாசல்வரை வந்தான். உள்ளே துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்றார். எனக்குக் கதிரை இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு கதிரை வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அடி வாங்கிப் பழகினோமே, இதையா யோசிக்காமல் விட்டோம் என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நின்றபடியே பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொன்னேன்.

அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். கிளாக்கர்மார் அறையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, துரையின் மேசைக்கு முன்னால் டொக்கென்று வைத்தான்.

"உக்காருடா."

உட்கார்ந்தேன். துரை எழும்பிக் கத்தினார். காவல்காரர் இருவர் ஓடிவந்து அண்ணனை விறாந்தைக்கு இழுத்துப்போய்ப் பொல்லால் அடித்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. எலும்பில் விழுகிற அடி வேறு சத்தம் போடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் கால் தரையை உந்தியது.

"எந்திரிக்காதடா!" என்று வெளியே இருந்து அண்ணன் கத்தினான்.

"எழும்படா!" என்றார் துரை.

நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேளுங்கள் சார் என்று இங்கிலீசில் சொன்னேன். அண்ணனின் சத்தம் அடங்கும்வரை இருந்தேன். பிறகு என்னைக் கதிரையோடு தூக்கி வெளியே எறிந்தார்கள்.

வேலை எப்படிக் கிடைக்கும்? காம்பரா போய்விடாமல் இருக்க அப்பா கங்காணியின் காலில் விழுந்து என் பேரைப் பதிந்தார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலக்கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இனி மூட்டையும் தூக்கமுடியாது. நான் போய்க் கட்டிலருகே நின்றதும், வீங்கிய கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

"கடைசிவரைக்கும் உக்காந்துதானே இருந்த?"

"ஆமாண்ணே" என்றேன்.