டீச்சரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்ட நாள்

எங்கள் பெண்கள் பாடசாலையில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கணக்குப் படிப்பித்த டீச்சர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அதிபர் மண்டபத்தைச் சோடிக்கச் சொன்னார். டீச்சர் உடனே மறுத்துவிட்டார்.

"பொன்னாடை, மாலை ஒண்டும் வேணாம். கடைசிப் பாடத்தப் படிப்பிச்சிட்டு நான் போயிருவன்."

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் அங்கே ஆசிரியையாக இருந்தேன். டீச்சர், கடைத்தெருவுக்கு அப்பால் இருந்த அடுத்த ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண். நாங்கள் கல்முனை முஸ்லிம்கள்.

நான் ஆசிரியையானதே அவரால்தான். வயதுக்கு வந்ததும் வாப்பா என் படிப்பை நிறுத்தினார். டீச்சர் வீடு தேடி வந்தார். வாப்பா வயலில் என்று உம்மா சொல்ல, வயல் இருந்த சவளக்கடைக்கு பஸ் ஏறிப் போய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பால் நடந்து, நெல்லுச் சூடடித்துக்கொண்டிருந்த வாப்பாவின் முன்னால் நின்றிருக்கிறார்.

"பொம்புளப் புள்ள டீச்சர். ஊர் கதைக்கும்" என்றாராம் வாப்பா.

"கதைக்கட்டும். சோதனைப் பெறுபேறு வந்தாலும் கதைப்பாங்கதானே. அதையும் கேட்பம்."

அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்தேன். அப்படி மீண்டு வந்தவள் நான் மட்டுமல்ல. ஊரில் தெருவுக்கு ஒருத்தியாவது இருந்தாள்.

பிறகு இரு சமூகமும் முகம் பார்க்காமல் போன காலம் வந்தது. இரண்டு பக்கமும் சாவு வீடுகள். கடைத்தெருவுக்கு அப்பால் நாங்கள் போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதுமில்லை. டீச்சர் தன் ஊருக்கே மாற்றம் கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் சில மாதங்களின் பின் ஒரு காலை, மணி அடிக்க முன்பே பாடசாலை வாசலில் நின்றார். "ஓ.எல். சோதனைப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் பாதியில கிடக்கு" என்றார் அதிபரிடம். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் வந்தார்.

இப்படிப்பட்டவரை எப்படி வெறுமனே அனுப்புவது? பழைய மாணவிகள் வீடு வீடாகச் சொல்லி வைத்தோம்.

கடைசிப் பாடம் முடிந்து டீச்சர் வெளியே வந்தபோது, வாசலிலிருந்து சந்தி வரை முக்காடு போட்ட பெண்கள். அவரிடம் படித்தவர்கள், அவர்களின் தாய்மார், இடுப்பில் பிள்ளைகள்.

"என்ன இது?" என்றார்.

"ஒங்கள வீட்ட கொண்டு விடப் போறம் டீச்சர்" என்றேன்.

பிரதான வீதியால் நடந்தோம். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சோதனைச் சாவடிச் சிப்பாய் கல்யாண ஊர்வலமா என்று சிங்களத்தில் கேட்க, ஒருத்தி ஆம் என்றே தலையாட்டிவிட்டாள்.

கடைத்தெரு முடிந்த இடத்தில் எல்லோருடைய நடையும் தளர்ந்தது. அதற்கப்பால் நாங்கள் போய் வருடங்களாகியிருந்தன. டீச்சருக்கு விளங்கிவிட்டது.

"இதோட போதும் பிள்ளையள். திரும்புங்க."

உம்மா முன்னால் வந்து அவருடைய கையைப் பிடித்தார். "எங்கட புள்ளைகளுக்காக நீங்க தனிய இந்த ரோட்டால வந்தீங்க. ஒங்களுக்காக நாங்க இவ்வளவு பேரும் ஒரு நாளைக்கு நடக்க ஏலாதா?"

சொல்லிவிட்டு உம்மா நாக்கைச் சுழற்றிக் குரவை இட்டார். கல்யாணத்துக்கு இடும் அதே குரவை. எங்கள் எல்லோருடைய குரலும் சேர்ந்துகொள்ள, கால்கள் தானாக நகர்ந்தன.

பாண்டிருப்பில் முதலில் வேலிப் படலைகள் கொஞ்சமாகத் திறந்தன. ஒரு வயதான அம்மா வெளியே வந்து எங்களைப் பார்த்தார். டீச்சரையும் பார்த்தார். பிறகு அவரும் குரவை இட்டார். அடுத்த படலையிலும் கேட்டது, அதற்கடுத்ததிலும். இரண்டு ஊர்ப் பெண்களின் குரவைக்கு நடுவில் டீச்சர் அழுதுகொண்டே நடந்தார்.

அவர் வீட்டு முற்றத்து மணலில் இருந்தோம். அயலவர்கள் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டும் டீச்சருக்கு வார்த்தை வரவில்லை.

"இவ கதைக்காம இருக்கிறத இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் அவருடைய கணவர். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் உம்மாவிடம் கேட்டார்: "டீச்சர் இஞ்ச வகுப்பு வைச்சா உங்கட பிள்ளைகள அனுப்புவீங்களா?"

"ஏன் அனுப்பாம?" என்றார் உம்மா.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. ஒரே பாயில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இருந்து படித்தார்கள். அவர்களில் இருவர் ஒரே வருடம் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கத் தெரிவானார்கள். ஒருத்தி டீச்சரின் அயல் வீட்டுப் பிள்ளை. மற்றவள் என் கூடப் பிறந்த ராத்தாவின் மகள்.