ஏசி ஃபில்டரில் மொட்டை முடி

போன முறை திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாடகைக் காரின் ஏசி நெடியில் அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. நாளையும் அதே கார் என்பதால், ஏசியைச் சுத்தம் செய்யச் சொல்ல நகரியில் டிரைவர் வீட்டுக்கே போனேன். நெற்றியில் நாமமும் காக்கிச் சட்டையுமாக இருந்தவர், ஃபில்டரை உருவிக் காகிதத்தின்மேல் மெல்லத் தட்டினார். சந்தனத்தூளோடு பொடிமுடி உதிர்ந்தது.

"மொட்டை போட்டுக்கினு வர்றவங்க முடிமா. சாமிக்குக் குடுத்தது. குப்பையில போடமாட்டேன், மலையிலயே சேத்துடுவேன்."

"அதுவரைக்கும் ஏசிக்குள்ளயா அண்ணா? எங்கம்மா அதைத்தானே மூச்சா இழுத்தாங்க?"

தட்டிய கை நின்றது. "இப்ப எப்பிடி கீறாங்க?" என்றார்.

மறுநாள் புது ஃபில்டர் மாட்டி வந்தார். அம்மா தூங்கினார். வழியெல்லாம் நான் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தேன். நிமிர்ந்தபோது, பின்பார்வைக் கண்ணாடியில் டிரைவரின் கண்களும் அம்மாமேல்தான் இருந்தன.