ரொம்ப ஃபாஸ்ட்டு

நாலெழுத்துச் சொல் ஒன்றால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. ஃபாஸ்ட். சனியன் பிடித்த சொல். அதைச் சொன்னது வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற அப்பாதான்.

மும்பையில் ஃபாஸ்ட் என்றால் முதலில் ரயில். தாதரில் நிற்கும், எங்கள் தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானில் நிற்காது. தாராவிக்காரியான எனக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கடுப்பு உண்டு. அடுத்தது விரதம். அப்பாவின் சட்டைப் பட்டறையில் காஜா எடுக்கும் மராத்திக்கார அக்கா, இன்றைக்கு ஃபாஸ்ட் என்று முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு, எண்ணெய் சொட்டும் ஜவ்வரிசி வடை ஆறு தின்பார். அப்படிப் பட்டினி கிடக்க எனக்கும் ஆசைதான். துணி கொண்டுவருபவரோ, சாயம் போகாவிட்டால் ஃபாஸ்ட் என்பார். ஓடுவதும் ஃபாஸ்ட், ஓடாமல் ஒட்டிக்கொண்டு கிடப்பதும் ஃபாஸ்ட்! வெள்ளைக்காரனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், தன் அம்மாவோடு ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார். அந்த அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகனோடு இருக்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியவர்கள் நம்பர் கொடுத்ததிலிருந்து நானும் அவரும் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். அவரை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அதை வீட்டில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

வந்தவர்களுக்கு டீ கொடுத்து, அப்பா என் பெருமையை ஆரம்பித்தார். பட்டறையில் காலர் தைப்பது நான்தான். அப்பா மனதில் இருந்தது அந்த வேகம். வாயில் வந்தது வேறு.

"நம்ம புள்ள ரொம்ப ஃபாஸ்ட்டு, மைனி. நம்ம லைன்ல யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணை ஃபாஸ்ட் என்றால், அடக்கமில்லாமல் ஆண்களோடு வாயடிக்கிறவள் என்று பொருள். அதை எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார் பெற்ற தகப்பன்!

விஷயம் புரிந்த என் அம்மா குறுக்கே பாய்ந்தாள். "விரதத்தச் சொல்லுதாவ, மைனி. வெள்ளிக்கெழம தவறாம இவ ஃபாஸ்ட்டு. பச்சத் தண்ணி பல்லுல படாது."

அந்த நேரம் பார்த்து நான் பஜ்ஜித் தட்டோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன். வாய்க்குள் ஒரு முழு வாழைக்காய் பஜ்ஜி. மென்று முடிக்க நேரமில்லை.

மாப்பிள்ளைக்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "இல்லம்மா, இந்த ஊர்ல ஃபாஸ்ட்டுன்னா... எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது" என்றார். அட கடவுளே! மனுஷர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். "சரி, கெளம்புதோம். யோசிச்சுச் சொல்லுதோம்."

யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது தெரியாதவளா நான்? பஜ்ஜியை ஒரே விழுங்காக விழுங்கினேன்.

"போயிராதீங்க, அத்தை. உங்க மவன எனக்குப் பிடிச்சிருக்கு. கட்டினா அவரத்தான் கட்டுவேன்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். இனி என்னை எந்த அர்த்தத்தில் ஃபாஸ்ட் என்றாலும் மறுக்க யாருக்கும் வழியில்லை. என் காதெல்லாம் சுட்டது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஆத்தாடி! நெசமாவே ஃபாஸ்ட்டுதான்" என்று வாய்விட்டுச் சிரித்தார். மகனிடம் திரும்பி, "அவ சொல்லிட்டா. நீ என்னல சொல்லுத?" என்றார்.

"எனக்கும் பிடிச்சிருக்கும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அத்தை மறுபடி உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, பிடிக்கலன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல, மைனி. தலைய ஆட்டிட்டேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.