நேவாவுக்கு ஒரு விசில்

ஹாம்பர்க்கில் குப்பை போடுவதற்கே ஓர் ஒழுங்கு உண்டு. மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டிவிடுவார். விண்வெளிப் படம் பார்ப்பதற்கும் இவர்களிடம் ஒழுங்கு இருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

'ஏழு துறைகள்' என்ற விண்வெளிப் படங்களின் ரசிகர் மன்றம் இங்கே மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் கூடுகிறது. ஆசையாகப் போனேன். திரையில் உப்புக்கப்பல் ஓட்டும் நேவா வந்ததும், நம்மூர்த் தியேட்டரில் அடிப்பதுபோல நீளமாக ஒரு விசில் அடித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, கடத்தல்காரி என்று கதாநாயகன் அவளைச் சுட்டுவிட்டான். பாவிப்பயல்! அவர்கள் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மன்றத் தலைவர் டீட்டர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"நேவா செத்துவிட்டாள்."

"யார் நேவா?"

மூலப்படத்தில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாதாம்!

எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு மூலப்படங்கள் வந்ததே இல்லை. அவற்றிலிருந்து கிளைத்த தொடர் மட்டும் தமிழ் பேசிக்கொண்டு கேபிளில் வந்தது. அதில் நேவாதான் நாயகி. பகைவனின் கப்பல் காணாமல் போனபோது, ஏற்றிய உப்பையெல்லாம் கொட்டிவிட்டு அதைத் தேடிப் போவாள். எங்கள் ஊரிலும் ஒரு வள்ளம் கரை திரும்பாவிட்டால் அன்று மீன்பிடி கிடையாது. சண்டைக்காரன் வள்ளமானாலும் எல்லாரும் தேடத்தான் போவார்கள். "இவ நம்ம பிள்ளையாக்கும்" என்று சொன்ன என் அண்ணன் சேவியர், தன் வள்ளத்துக்கே நேவா என்று பெயர் வைத்தான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

டீட்டர் என்னைத் தேற்றினார்: "நீங்கள் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். அதுதான் குழப்பம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "எங்கள் ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்களும் நாடு இங்கே முடிகிறது என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அந்தத் தொடரைப் போடுங்கள், பிறகு பேசலாம்" என்றேன். கிளைக்கதையெல்லாம் கணக்கில் சேராது என்று முணுமுணுத்தாலும் போட்டார்கள். மாதத்துக்கு மாதம் பார்க்க வருகிறவர்கள் அதிகமானார்கள்.

அண்ணனிடம் கடைசியில் ஃபோனில் சொல்லிவிட்டேன்.

"என்னட்டி சொல்லுக? யாரு சுட்டா?"

"கதாநாயகன்."

"அவன் நாயகனா? வெளங்கும்! வள்ளத்துல பேர அழிக்க மாட்டேன், பாத்துக்க. எனக்கும் அந்தப் படத்தக் காட்டு."

தொடர் முடிந்ததும் மூலப்படத்தை மறுபடி போட்டார்கள். அண்ணனை வீடியோவில் அழைத்து, கைபேசியைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்துவைத்தேன். அவன் கரையில் நின்றான், அலைச்சத்தம் அறைக்குள் கேட்டது. நேவா திரையில் வந்தாள். டீட்டர் விசிலடிக்கப் பார்த்தார், பாதி காற்றுத்தான் வந்தது. பாப்கார்னை யாரும் தொடவில்லை. துப்பாக்கி வெடித்தது.

"ஏட்டி, எழும்புட்டி!" என்று நாற்காலியிலிருந்து அண்ணன் கத்தினான்.

"என்ன சொல்கிறார்?" என்று டீட்டர் மெல்லக் கேட்டார்.

"அவளை எழுந்திருக்கச் சொல்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் கதாநாயகன் வெற்றிக்கொடி நாட்டினான், அதற்கும் யாரும் கைதட்டவில்லை.

விளக்கைப் போட்டதும் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ எப்பட்டி வருவ?" என்றான். "அடுத்த மாதம் வருவீர்கள்தானே?" என்று டீட்டரும் அதே நேரம் கேட்டார். வருவேன் என்று இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் ஜெர்மனிலும் சொன்னேன்.